ஒரே ஒரு பெயருள்ள பட்டியல்

சென்னை ராஜதானியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்று எங்கள் பொருளாதாரப் பேராசிரியர் வருத்தப்படுவார். அந்தப் பத்துப் பேரில், கையெழுத்துப் போடுவதற்கு முன் காகிதத்தைப் படித்துப் பார்க்கிறவன் நான் ஒருவன்தான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பிற்காலத்தில் யாராவது இந்த விஷயத்தை ஆராய்ந்தால் அவர்களுக்கு வீண் அலைச்சல் வேண்டாமே என்று பதிவு செய்து வைக்கிறேன்.

டிராம் டிக்கெட்டின் முதுகில் என்ன அச்சடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் கல்லூரி விடுதி விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில், மாணவர்கள் அறைக்குள் குதிரை கட்டக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. வார்டனுக்கே அது நான் சொல்லித்தான் தெரியும். அன்று சாயங்காலமே எல்லா அறைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார்.

மற்றவர்கள் கையெழுத்துப் போடும் விதம் வேறு. எதிரே உட்கார்ந்திருப்பவன் ஒரு விரலை நீட்டுவான். விரல் எங்கே நிற்கிறதோ, பேனா அங்கே போய் நிற்கும். இவர்களைப் பற்றிக் கல்லூரிப் பத்திரிகையில் "விரலுக்கு விண்ணப்பம்" என்று ஒரு கட்டுரை எழுதினேன். மிகவும் சிரித்தார்கள். அதில் வந்த ஆசாமி என் அப்பா என்று யாருக்கும் தெரியாது.

அப்பாவுக்குப் பருத்திப்பட்டு ஏரிப் பாசனத்தில் நஞ்சை. பெயர் திருவேங்கடம். இரண்டு போகம் நன்றாக விளைந்ததும், கீழ்ப்பாக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு சப்ஜட்ஜிடமிருந்து மோட்டார் ஒன்று வாங்கினார். மோட்டார் வீட்டுக்கு வந்த மறுநாள், அதன் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஏஜெண்டும் வந்தார். சர்வ சங்கட நிவாரண இன்ஷூரன்ஸ் கம்பெனி லிமிடெட். ஏழு இடத்தில் விரலை வைத்தார். ஏழு இடத்திலும் அப்பா போட்டார்.

"அதுல இன்னாப்பா போட்டிருக்கு?" என்று எல்லாம் முடிந்த பிறகு கேட்டார்.

"எல்லாம் உங்க நன்மைக்குத்தாங்க."

"அது போதும்," என்றார் அப்பா.

மாகாண சுயாட்சி வந்த வருஷத்துக் கோடை விடுமுறை. திருமழிசையில் இருக்கும் மாமா வீட்டுக்கு ஒரு கூடை மாம்பழம் கொண்டுபோகச் சொன்னாள் அம்மா. அப்பா அரை மனசோடு சாவியைக் கொடுத்தார். "ரோட்டைப் பாத்து ஓட்டுடா சம்பத்து. அங்க இங்க பாக்காத."

பூந்தமல்லியைத் தாண்டி நசரத்பேட்டையில் ஒரு மண்சுவரில் நாடக நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பெரிய எழுத்தை யாரும் படிப்பார்கள். நான் கடைசி வரியைப் படித்தேன். "சைக்கிள்களுக்குப் பாதுகாப்பு உண்டு. பாதுகாப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றோடொன்று பொருந்துமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மோட்டார் ரோட்டை விட்டு இறங்கி, 'சென்னை 16 மைல்' என்ற கல்லில் போய் முட்டியது. கல் மல்லாந்தது. ரேடியேட்டர் பிளந்து ஆவி கிளம்பியது. இடது மட்கார்டு சுருண்டது. ஒரு விளக்கு மட்டும் கழன்று, மாம்பழங்களோடு ரோட்டில் உருண்டது.

எதிர்ச்சாரியில் பனையோலைக் கொட்டகை ஒன்று. அங்கே ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்த தேவராஜ் எழுந்து வந்தார். அவருடைய தகப்பனார் எங்கள் நிலத்தில் ஏர் பிடித்தவர். தேவராஜ் ஏர் பிடிக்க மறுத்து ஓடிப்போய், ரயில்வே பட்டறையில் எட்டு வருஷம் இருந்து, எந்த இயந்திரத்தையும் காதால் கேட்டே நோயைச் சொல்லும் வித்தையோடு திரும்பியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதனால் இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். வீட்டில் அப்படிச் சொன்னதில்லை.

"இன்னா சின்னவரே, ரோடு இந்தப் பக்கம்ல கீது?"

"மாடு குறுக்க வந்துடுச்சு," என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. மாட்டைச் சொல்லவில்லை, பொய்யைச் சொல்கிறேன்.

தேவராஜ் கிழக்கே பார்த்தார். மேற்கே பார்த்தார். உச்சி வெயிலில் ரோடு துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.

"மாடா?"

"ஓடிடுச்சு."

"ரொம்ப வேகமான மாடு." என் நெற்றியை ஒரு தரம் பார்த்தார். "சரி நைனா, நீ சொன்னா மாடுதான். அடி கிடி பட்டுதா? மொதல்ல எறங்கு. வண்டிக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு நாளு வேல."

அப்பா நசரத்பேட்டைக்கு ஓடிவந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என் தோளையும் கையையும் தடவிப் பார்த்துவிட்டு, "வண்டி போனா போவுது, உனுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றார். அவர் திட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் நேரே கிராம முன்சீப்பிடம் போய், மாடுகளை அவிழ்த்துவிட்டு என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தார்கள் என்று புகார் கொடுத்தார். முன்சீப் நீதிமான். அன்று ரோட்டோரம் மேய்ந்த ஒரே மாட்டைப் பிடித்து, அலையும் மாடுகளை அடைக்கிற பட்டியில் அடைத்தார். அது ரோட்டோரம் ஆப்பம் விற்கும் கெங்கம்மாளின் செவலை மாடு. விபத்து நடந்தபோது அது மாங்காட்டுப் பக்கம் வண்டி இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு இது தெரியும். மாட்டுக்கும் தெரியும். நாங்கள் இருவருமே வாய் திறக்கவில்லை. அன்றுமுதல் நசரத்பேட்டைக்குப் போகும்போதெல்லாம் கெங்கம்மாளிடம் நான்கு ஆப்பம் வாங்கித் தின்றேன். எனக்கு ஆப்பம் பிடிக்காது.

இன்ஷூரன்ஸ் படிவத்தை நிரப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. 'விபத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் 'மாடு' என்று எழுதினேன். முழுவதும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆகையால் அது பொய் என்று தெரிந்தே போட்டேன் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

தம்புச்செட்டித் தெருவில், மாடிப்படி மிகவும் குறுகலான ஒரு கட்டடத்தில் கம்பெனி இருந்தது. அப்பாவும் நானும் போனோம். க்ளெய்ம் பகுதியின் சூப்பரின்டெண்டு எத்திராஜ், மேஜைமேல் கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு எங்களைப் பரிவோடு பார்த்தார். மோட்டார் முட்டியதில் அவருக்கே வலித்தது போலிருந்தது.

"மாகாண சுயாட்சி இப்போதுதான் வந்திருக்கிறது," என்றார். "எங்கள் கம்பெனியில் பாலிசிதாரர் சுயாட்சி பன்னிரண்டு வருஷமாக நடக்கிறது. வண்டியை எந்தக் கராஜில் கொடுப்பது என்பதில் நாங்கள் தலையிடுவதே இல்லை. தாங்களே தேர்ந்தெடுக்கலாம். பூரண சுதந்திரம்."

"ரொம்ப சந்தோசம்," என்றார் அப்பா. "அப்ப நம்ம தேவராஜுகிட்டயே உட்டுடலாம்."

"பேஷாக. இந்தப் பட்டியலில் அவர் பெயர் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டிவிடுங்கள்."

கெட்டி அட்டை போட்ட பட்டியலை நீட்டினார். திறந்தேன். 'அங்கீகாரம் பெற்ற கராஜ்கள்' என்று தலைப்பு. கீழே, 'ஒன்று: டாட்டர்சன் அண்டு பிரதர்ஸ், மவுண்ட் ரோடு'. 'இரண்டு' என்ற எண்ணே இல்லை.

"இதில் ஒரே ஒரு பெயர்தானே இருக்கிறது?" என்றேன்.

"அதனால்தான் எங்கள் பாலிசிதாரர்களுக்குத் தேர்ந்தெடுப்பதில் சிரமமே ஏற்படுவதில்லை. வேறு சில கம்பெனிகளில் ஆறு, ஏழு பெயர் வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் தூக்கமில்லாமல் தவிக்கிறார்கள்."

"புதுப் பெயரைச் சேர்க்க முடியுமா?"

"தாராளமாக. விண்ணப்பித்தால் போதும். இன்ஷூர் செய்த மூன்று வண்டிகளை ரிப்பேர் செய்த அனுபவம் வேண்டும். அவ்வளவுதான்."

நான் பாலிசியின் பின்பக்கத்தைப் படித்தவன். "இன்ஷூர் செய்த வண்டியை, அங்கீகாரம் இல்லாத கராஜ் தொடவே கூடாது என்று இருபத்திரண்டாவது ஷரத்தில் இருக்கிறதே?"

"ஆமாம், கண்டிப்பாகத் தொடக் கூடாது."

"அப்படியானால் டாட்டர்சன் கம்பெனி எப்படி அங்கீகாரம் வாங்கியது?"

எத்திராஜ் முகத்தில் பக்தி படர்ந்தது. "அவர்கள் எங்கள் கம்பெனி ஆரம்பிப்பதற்கு முன்பே அங்கீகரிக்கப்பட்டவர்கள்."

அப்பா என்னை இடித்தார். "பெரியவரு சொல்றாரு, சும்மா கேளேண்டா."

நான் சும்மா கேட்கிறவன் இல்லை. நேரே நசரத்பேட்டைக்குப் போய்த் தேவராஜிடம் பட்டியல் சமாசாரத்தைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அந்த லிஸ்டுல பேரு ஏறுமா சின்னவரே?"

"எதுக்குக் கேக்கறே?"

பூந்தமல்லி பஸ் முதலாளியின் ஆறு பஸ்களும் அதே கம்பெனியில் இன்ஷூர் ஆனவை. ஒரு போல்ட்டு கழன்றாலும் மவுண்ட் ரோட்டுக்குப் போக வேண்டும். "உம் பேரு லிஸ்டுல வரட்டும், ஆறு பஸ்ஸும் உங்கிட்டதான்" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். இந்தக் கொட்டகை நிற்கிற இடமோ வேறொருவருடையது. தை பிறந்தால் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆறு பஸ் கைக்கு வந்தால் பக்கத்து மனையில் ஓடு போட்டுப் பட்டறை கட்டிவிடலாம். வராவிட்டால் ரயில்வே பட்டறைக்கே திரும்பிப் போய், பழைய மேஸ்திரியிடம் பல்லிளிக்க வேண்டும்.

"மறுக்கா அங்க போறதுக்கு ஏரியில உழலாம்," என்றாள் அவர் மனைவி ராஜம்மா.

"ஏரியில தண்ணி எங்கடி கீது?" என்றார் தேவராஜ்.

"நான் ஏத்தறேன் உன் பேரை," என்றேன். நிஜமாகவே சொன்னேன். அப்போது எனக்கு இருந்த உற்சாகத்தில் கவர்னர் பெயரையே நீக்கிவிட்டு அந்த இடத்தில் தேவராஜை எழுதியிருப்பேன். விதிகளை எழுதியவன் எங்காவது ஓர் ஓட்டை விட்டிருப்பான், படிக்கிறவன் கண்ணுக்கு அது தப்பாது என்று ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன்.

விண்ணப்பம் இங்கிலீஷில் ஒன்பது பக்கம். தேவராஜுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. பெயரை மட்டும் இங்கிலீஷில் எழுதக் கற்றுக்கொடுத்தேன். ஏழு எழுத்தையும் மோட்டார் பாகங்களைப் போல ஒவ்வொன்றாக மாட்டுவார். ஆனால் ஒவ்வொரு காகிதத்திலும் போடுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்ப்பார்.

"படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேன். கொட்டகையில் குடிச்சிட்டு வேலை செய்ய மாட்டேன்னு எழுதியிருக்கு."

"அப்ப போடலாம்," என்று போடுவார்.

இதற்குள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அதிகாரி வந்து பார்க்கும்வரை வண்டி விபத்து நடந்த நிலையிலேயே இருக்க வேண்டும். நகர்த்துவதோ துடைப்பதோ கூடாது. வண்டி கல்லின் மேல் மூக்கை வைத்தபடி ஏழு வாரம் நின்றது. முதல் வாரத்தில் ராஜம்மாவின் கோழி பின்சீட்டில் அடை உட்கார்ந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து காஞ்சிபுரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் வெயிலுக்கு உள்ளே ஏறி உட்கார்ந்தார்கள். கோழியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதால் பின்சீட்டில் ஒருவருக்கு மேல் உட்காருவதில்லை என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. கெங்கம்மாள் ஆப்பச் சட்டியோடு காரின் படிக்கட்டு ஓரம் நிழலுக்கு வந்துவிட்டாள். மாடு பட்டியில் இருந்ததால் வண்டி ஓட்டம் நின்றுபோய், ஆப்பம்தான் அவளுக்கு முழுப் பிழைப்பு.

"உன் மாதிரி ஆப்பம் துன்றவன் இந்த ஜில்லாவுலயே இல்ல ராஜா," என்பாள். "நல்ல மனசுடா உனுக்கு."

அந்தக் காலத்தில் எனக்கு வயிற்றில் எரிச்சல் வந்தது ஆப்பத்தினால்தான் என்று டாக்டர் சொன்னார். நான் மறுக்கவில்லை.

எட்டாவது வாரம் எத்திராஜ் குடையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். முதலில் மைல்கல்லை நான்கு பக்கமும் அளந்தார். பிறகு வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "பாலிசியில் கோழி குறிப்பிடப்படவில்லையே," என்று வருத்தத்தோடு எழுதிக்கொண்டார். பயணிகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சொந்த உபயோக வண்டி பொதுப் போக்குவரத்துக்குப் பயன்படுவதாகவும், ஆப்பச் சட்டியைப் பார்த்து வண்டியில் உணவு வியாபாரம் நடப்பதாகவும் எழுதினார். எழுதும்போதே இரண்டு ஆப்பம் சாப்பிட்டார்.

அப்புறம் தேவராஜின் கொட்டகையைச் சுற்றி வந்தார்.

"தொழில் தெரிகிறது. அது முக்கியமல்ல. பெயர்ப்பலகை எங்கே?"

"எல்லாருக்கும் என்னைத் தெரியுங்களே," என்றார் தேவராஜ்.

"தெரியாதவர்களுக்காகத்தான் அங்கீகாரம். இங்கிலீஷில் பலகை வேண்டும். பாலிசிதாரர் காத்திருக்க ஓர் அறை, அதில் ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம். கைகழுவப் பீங்கான் தொட்டி."

"கை கழுவ மண்ணெண்ணெ கீதுங்க. அதுல போற கறை தொட்டியில போவாதுங்களே."

"தொட்டி உங்களுக்கு இல்லை. ஒருவேளை துரை யாராவது வந்தால் கழுவுவதற்கு. இதுவரை யாரும் வரவில்லை. தொட்டி இல்லாததால்தான் வரவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா?"

எல்லாம் வந்தன. பலகைக்கு வாசகம் நான் எழுதினேன். தட்டி கட்டி அறை பிரித்தார்கள். எங்கள் வீட்டுக் கூடத்து நாற்காலி போயிற்று. ராஜம்மா வளர்த்த இரண்டு ஆடுகள் போய்ப் பீங்கான் தொட்டி வந்தது. அதற்குத் தண்ணீர்க் குழாய் இல்லை. கேட்டதற்கு, விதியில் தொட்டி மட்டும்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. கடிகாரமும் ஓடாது. ஓட வேண்டும் என்று விதி இல்லை. கொட்டகைக்காரர்கள் அந்த அறைக்குள் கால் வைக்கவே பயந்தார்கள். கோழி மட்டும் நாற்காலிக்குக் குடிவந்தது.

விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே, வண்டியை டாட்டர்சன் கம்பெனிக்கு அனுப்ப உத்தரவு வந்தது. ஒரு ஜோடி மாட்டைப் பூட்டி மவுண்ட் ரோட்டுக்கு இழுத்துப் போனார்கள்.

"இந்த வாட்டி மாடு நெஜமாவே கீது," என்றார் தேவராஜ், என் பக்கம் திரும்பாமல்.

அவர் அந்த விஷயத்தைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். நான் மைல்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் அதே வண்டி, வேறு ஜோடி மாடுகளோடு, அதே நசரத்பேட்டைக்குத் திரும்பி வந்தது. முன்கண்ணாடியில் ஒரு சீட்டு: "ரேடியேட்டர், மட்கார்டு வேலை. தேவராஜ், நசரத்பேட்டை. அவசரம்." கீழே டாட்டர்சன் கம்பெனி முத்திரை.

தேவராஜ் தலையைச் சொறிந்தார். "இவனுங்க ரேடியேட்டரு எல்லாம் எங்கிட்டதான் வரும் சின்னவரே, மூணு வருசமா. அவனுங்களுக்கு ஈயம் வச்சுப் பத்தவைக்க வராது."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீ கேக்கலியே. லிஸ்டுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்னு உட்டுட்டேன்."

இரண்டே நாளில் வண்டி தயார். புது விளக்கு பழைய விளக்கைவிட நன்றாக எரிந்தது. நான் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு தம்புச்செட்டித் தெருவுக்குப் பறந்தேன். படிகளை இரண்டிரண்டாக ஏறினேன். ஓட்டை கிடைத்துவிட்டது. அதில் ஒரு கராஜையே நுழைக்கலாம்.

எத்திராஜ் சீட்டை நிதானமாகப் படித்தார். திடுக்கிடவில்லை.

"தெரியும்," என்றார். "டாட்டர்சனில் ரிப்பேர் செய்வது கிடையாது. அங்கே அங்கீகாரம் மட்டும்தான். ரிப்பேர் எங்கு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், தம்பி. அங்கீகாரம்தான் எங்கும் கிடைக்காது."

"அப்படியானால் தேவராஜ் பெயரைச் சேர்ப்பதில் என்ன தடை? மூன்று வருஷ அனுபவம் இருக்கிறதே!"

"தடையா? உத்தரவே தயார்." மேஜை இழுப்பறையிலிருந்து டைப் அடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். 'இரண்டு: தேவராஜ், நசரத்பேட்டை' என்று இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். "பத்தொன்பதாவது கட்டம் ஒன்றுதான் பாக்கி. கராஜ்காரர், விபத்தைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை அதில் எழுத வேண்டும். டாட்டர்சன் பன்னிரண்டு வருஷமாக 'தெரியாது' என்று எழுதுகிறார்கள். அவர்கள் நாணயஸ்தர்கள், நிஜமாகவே அவர்களுக்கு எதுவும் தெரியாது. மவுண்ட் ரோட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு நசரத்பேட்டை மாடு எப்படித் தெரியும்? பட்டியலில் ஒரே பெயர் இருப்பதன் தாத்பரியம் இதுதான். ஆனால் உங்கள் தேவராஜ் ரோட்டுக்கு நேர் எதிரே இருக்கிறார். கண்பார்வை பிரமாதம், நானே கவனித்தேன். மாட்டின் நிறத்தை அவர் எழுதிவிட்டால் போதும்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதில் எந்தக் கம்பெனி பெயர் எழுதியிருக்கிறது என்று படிக்க முயன்றேன். சுற்றும்போது படிக்க முடியவில்லை.

"அவர் மாடு வரவில்லை என்று எழுதினாலும் கம்பெனிக்கு வருத்தமில்லை," என்று எத்திராஜ் இதமாகத் தொடர்ந்தார். "அது ஓட்டியவரின் அஜாக்கிரதை என்று ஆகும். க்ளெய்ம் கிடையாது. காரணத்தை விளக்கிப் பாலிசிதாரருக்கு ஒரு கடிதம் போடுவோம். தங்கள் தகப்பனாருக்கு. தமிழில்தான் போடுவோம், அவருக்குப் புரிய வேண்டும் பாருங்கள்."

தேவராஜிடம் கேட்டிருக்கலாம். 'செவலை மாடு' என்று அவர் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார். நான் சொன்னால் மாடுதான் என்று அன்றைக்கே சொன்னவர் ஆயிற்றே. ஆனால் கேட்பதென்றால் அவர் முன்னால் நின்று, அன்றைக்கு மாடு வரவில்லை என்று என் வாயால் சொல்ல வேண்டும். எங்கள் நிலத்தில் ஏர் பிடித்தவருடைய மகனிடம். இதை இப்போது எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது. அன்று நினைத்ததெல்லாம் அப்பாவை மட்டும்தான் என்று சத்தியம் செய்வேன்.

"இதற்கு வேறு வழியும் உண்டு," என்றார் எத்திராஜ். டைப் அடித்த உத்தரவை மறுபடி இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, இரண்டு பக்கக் காகிதம் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். முழுவதும் இங்கிலீஷ். கடைசியில் இரண்டு இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. "ஒன்று அவருக்கு. ஒன்று சாட்சிக்கு, அதாவது தங்களுக்கு. இது வந்தால் பத்தொன்பதாவது கட்டத்துக்கே அவசியமில்லை, தங்கள் தகப்பனாருக்குக் கடிதமும் போகாது. படித்துப் பாருங்கள். தாங்கள் படிக்கிறவர் என்று தங்கள் தகப்பனார் பெருமையாகச் சொன்னார்."

"பஸ்ஸுக்கு நேரமாகிறது," என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பூந்தமல்லிக்கு அரை மணிக்கு ஒரு பஸ் உண்டு.

பஸ்ஸில் டிக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் படித்தேன். டிரைவரோடு பேசாதீர்கள் என்பதைப் படித்தேன். முன்சீட்டில் ஆணியால் கீறியிருந்த பெயர்களை எல்லாம் படித்தேன். கோயம்பேடு, மதுரவாயல், பூந்தமல்லி என்று ஊர்ப் பலகைகள் ஒன்றையும் விடவில்லை. பையில் இருந்ததை மட்டும் எடுக்கவில்லை.

தேவராஜ் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ராஜம்மா ஓடிவந்தாள்.

"ஏறிடுச்சா தம்பி?"

"ஒரு கையெழுத்து வேணுமாம்," என்றேன்.

"பாத்தியா! நான் சொல்லல?" என்று அவள் புருஷனிடம் திரும்பினாள். "படிச்ச புள்ள கைய வச்சா நடக்கும்னு."

"கத்தாதடி," என்றார் தேவராஜ். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. மண்ணெண்ணெயில் கையைக் கழுவினார். துணியில் துடைத்தார். காகிதத்தில் கறை படக் கூடாது என்று மறுபடியும் கழுவினார். காத்திருக்கும் அறைக்குள் போய், கோழியை விரட்டிவிட்டு, அன்றுதான் முதல்தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பேனாவைக் கொடுத்துப் பென்சில் குறியைக் காட்டினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"படிச்சிட்டியா?"

"ம்."

"ம்முன்னா இன்னா நைனா? படிச்சிட்டியா, இல்லியா?"

"படிச்சிட்டேன்."

"அப்ப போடலாம்."

ஏழு எழுத்தையும் ஒவ்வொன்றாக மாட்டினார். கடைசி எழுத்தின் வாலை நன்றாக வளைத்து, தூரத்தில் பிடித்துப் பார்த்தார். ராஜம்மாவும் பார்த்தாள். "அயகா கீது மாமா," என்றாள்.

"உன்னுதுதான் பாக்கி," என்று பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

காகிதத்தை முழங்கால்மேல் வைத்துக்கொண்டேன். மேலே எழுத்துகள் நெருக்கமாக இருந்தன. கீழே பார்த்தேன். இரண்டாவது பெருக்கல் குறி எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் கையெழுத்துப் போட்டேன்.